ஈயம் பூசப் போன சாமான்

கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, ஏலத்துக்கு வரும் பழம்பொருள்களுக்குக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. நானாகத் தேடிப் போகவில்லை. காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருந்த ஒருவர், திருமயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரு பழைய கதவு நிலையைப் பார்க்க வந்தார். சென்னையில் நடக்கும் ஏலத்துக்காக அச்சடித்த விவரப் புத்தகம் அவர் கையில் இருந்தது. வாங்கிப் புரட்டினேன். ஒரு பன்னீர்ச்செம்பின் படத்துக்குக் கீழே, "அழகான பழைய செம்பு" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள்.

"இவ்வளவுதான் எழுதுவாங்களா?" என்று கேட்டேன்.

"வேற என்ன சார் எழுதுறது? செம்பு செம்புதானே" என்றார்.

அன்று மாலையே அந்தச் செம்பைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஏலத்திலிருந்து அவர் அனுப்பும் பொருள்களுக்கெல்லாம் நான்தான் எழுதினேன். உலோகம், உயரம், எடை, எந்தக் கை வேலை, எந்த வீட்டிலிருந்து எப்படி வந்தது, என்ன குறை. குறையை மறைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. பிடி மாற்றியிருந்தால் மாற்றியது என்று எழுத வேண்டும். மயிரிழை விரிசலையும் சொல்லிவிட வேண்டும். அந்த நேர்மையில் எனக்குப் பெருமை உண்டு. எனாமல் பூசிய மங்குச் சாமானில் மிளகளவு பூச்சு உதிர்ந்திருந்தால்கூட அளந்து எழுதுவேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அது நல்ல சிரிப்பு இல்லை.

என் மனைவியின் சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவளுடைய அப்பா வீட்டு முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை சாமானைப் பரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பித்தளை ஒரு வரிசை, செம்பு ஒரு வரிசை, வெண்கலம், மங்கு, மரத்தில் கடைந்த மரவை, பீங்கான் என்று தனித்தனி வரிசை. சொந்தக்காரர்கள் வந்து சுற்றிப் பார்ப்பார்கள். ஒரு பெரியவர் பட்டியலை உரக்க வாசிப்பார். ஒவ்வொரு பாத்திரத்திலும் புள்ளிப்புள்ளியாக மூன்று எழுத்து வெட்டியிருக்கும்: அவள் ஊருக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பட்டியல் வாசிக்கும்போது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் ஒரு தூக்கை விட்டுவிட்டார் என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாளாம். எங்கள் வீட்டில் அதைச் சொல்லிப் பல வருடம் கேலி செய்தார்கள்.

லாரியில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாம் கட்டில் ஓர் அறையில் அடுக்கிப் பூட்டினோம். புழங்குவதற்கு அதற்குள் எவர்சில்வர் வந்துவிட்டது. பொங்கலுக்கு ஒரு பானை, பிள்ளைகள் கல்யாணத்துக்கு இரண்டு தாம்பாளம் வெளியே வரும். மற்றதெல்லாம் அப்படியே இருந்து கறுத்தது. சாவி மட்டும் எப்போதும் அவள் இடுப்பில் இருந்தது.

அவளுக்கு மறதி வந்தது எழுபதைத் தாண்டிய பிறகு. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டதில் தொடங்கி, கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் நின்றதுவரை ஒரு வருடம் பிடித்தது. பிறகு எல்லாம் வேகமாகப் போனது. மகளை "நீ யாரு பெத்த புள்ளைம்மா?" என்று கேட்டாள். மகள் சென்னைக்குத் திரும்பும்போது காரில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். புதுக்கோட்டையில் டாக்டர், இதைத் திருப்ப முடியாது, மனசு கலங்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

அவளைப் பார்த்துக்கொள்ள வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒரு பெண் வந்து எங்களோடு தங்கினாள். நாற்பது வயதிருக்கும். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம்.

அந்தப் பெண் வந்த சில வாரங்களில் ஒரு காலை, என் மனைவி தானாகவே அந்த அறையைத் திறந்து ஒரு தவலையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். புளி, உப்பு, கொஞ்சம் செங்கல் தூள். இரண்டு மணி நேரம் தேய்த்தாள். தேய்த்துக் கழுவித் துணியால் துடைத்துவிட்டு, மூன்று எழுத்தையும் விரலால் தடவினாள்.

"ரெண்டாவது வரிசையில நாலாவது" என்றாள். "இதுக்கு அடுத்தது சின்னத் தவலை. அது மூடியோட."

போய்ப் பார்த்தேன். அடுத்தது மூடி போட்ட சின்னத் தவலைதான்.

பெற்ற மகளின் பெயர் போய்விட்டது. பெரியவர் வாசித்த பட்டியல் போகவில்லை. அன்றிலிருந்து தினம் ஒரு பாத்திரம். தேய்க்கும் நேரத்தில் அவள் பழைய ஆளாக இருந்தாள். அதிகாரம் செய்வாள், குறை சொல்வாள்.

"சார், ஆச்சி இன்னைக்கு என்னைய நல்லா வையுறாக" என்று அந்தப் பெண் என்னிடம் சந்தோஷமாக வந்து சொல்வாள். "புளியக் கரைக்கத் தெரியல, உன்னைய எவன் கட்டுனான்னு கேக்குறாக. சொகமா இருக்காக சார்."

டாக்டர் சொன்ன மருந்து இதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

பழம்பொருள்காரர் ஒரு நாள் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்தார். வளவு முற்றத்தில் ஏழு பாத்திரங்கள் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்து, எழவு வீட்டில் நிற்பவர் மாதிரி நின்றார்.

"யாரு சார் இதைச் செஞ்சது? தோலை உரிச்சுப்புட்டாங்களே!"

அறையைத் திறந்து காட்டினேன். உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"ஒரே எழுத்து சார். ஒரே பொண்ணோட சீரு, முழுசா, கை படாம. எல்லா வீட்டுலயும் பங்காளிக பிரிச்சு, பேத்திக்குக் குடுத்து, எடைக்குப் போட்டுச் செதறிப் போச்சு. முழுசா நான் எங்கயும் பார்த்தது இல்ல. இதுக்குப் புத்தகத்துல தனிப் பகுதியே குடுப்பாங்க. உங்க எழுத்துல நாலு பக்கம். உங்க பேரு போட்டே வாங்கித் தாரேன்."

பிறகு கிணற்றடியைப் பார்த்தார். அவள் எட்டாவது பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. இனிமே ஆச்சி கை படக் கூடாது. அந்தக் கறுப்புதான் சார் வயசு. அது போனா இது வெறும் பித்தளை."

எங்களுக்குப் பணமுடை இல்லை. என் ஓய்வூதியமும் பிள்ளைகள் அனுப்புவதும் தாராளமாகப் போதும். வீட்டை விற்கும் பேச்சும் இல்லை. எனக்கு அந்த நாலு பக்கம் வேண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் பையன்களுக்குப் பாடக்குறிப்பு எழுதினேன். ஆராய்ச்சி என்று தொடங்கிய ஒன்றும் புத்தகமாகவில்லை. ஒரு கல்யாணத்தின் முழுச் சீர்வரிசையையும் பொருள் பொருளாக விவரித்து, ஒரு காலத்தையே எழுதிக் காட்டலாம் என்ற ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குச் சாமான் கறுப்பாக இருக்க வேண்டும். அவளோ தினம் ஒன்றை வெள்ளையாக்கிக்கொண்டிருந்தாள். இதுதான் நடந்தது. இதற்கு மேல் நல்லதாகச் சொல்ல ஒரு காரணமும் என்னிடம் இல்லை.

அன்று இரவு, சாமானை ஏலத்துக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னதும் மகள் போனில் கேட்டாள்: "அப்பச்சி, ஆத்தாகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். சரின்னுட்டா."

கேட்கவில்லை. கேட்டாலும் புரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அவள் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். தூக்கத்தில் அவள் கை அந்த இடத்துக்கு வந்தது. என் கை என்று தெரிந்ததும், தெரிந்ததாகத்தான் நினைக்கிறேன், விலகிப் போனது.

அடுத்த நாள் காலை பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றாள். இடுப்பைத் தடவினாள். சேலையை உதறிப் பார்த்தாள். "கதவு தொறக்க மாட்டேங்குதுங்க" என்று என்னிடமே வந்து முறையிட்டாள். பூட்டு ரிப்பேர் என்றேன். போனாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி வந்து அதையே சொன்னாள்.

அந்தப் பெண்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் சார், ஒரு தவலைய வெளக்குனா என்ன கொறஞ்சு போகும்?"

கறுப்புக்குத்தான் மதிப்பு என்று விளக்கினேன்.

"அழுக்குக்கா சார் வெல? அப்ப எங்க வீட்டுச் சட்டி பானையெல்லாம் தூக்கிட்டு வாரேன். எங்க மாமியா ஒரு நாளும் வெளக்குனது கெடையாது. நான் கோடீஸ்வரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "ஆச்சிக்கு இப்ப அதுதான் உசுரு. பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேய்ப்பதற்கு எவர்சில்வர் தட்டுகளைக் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றைப் புரட்டி, எழுத்து இருக்க வேண்டிய இடத்தைத் தேடிவிட்டு, "இது நம்ம சாமான் இல்ல" என்று ஒதுக்கி வைத்தாள். ஏற்கெனவே தேய்த்த ஒன்பதையும் கொடுத்தோம். "இதுதான் வெளக்கியாச்சே" என்றாள். அதில் அவள் கணக்குத் தவறவில்லை.

படம் எடுக்கிற நாள் வந்தது. சென்னையிலிருந்து இரண்டு பேர் விளக்குகளோடு வந்தார்கள். முழுச் சீரும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்று சாமானையெல்லாம் கொண்டுவந்து முகப்பிலிருந்து பரப்பினார்கள். எந்த வரிசை எங்கே என்று நான்தான் சொன்னேன். கல்யாணத்தன்று பார்த்தபடியே சொன்னேன்.

அவள் தலையை வாரிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். பார்த்ததும் நின்றுவிட்டாள். அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். குனிந்து ஒரு தூக்கைத் தொட்டு, "இதை விட்டுறாம வாசிக்கச் சொல்லுங்க" என்றாள். படம் எடுக்க வந்தவர்களைப் பார்த்து, "வாங்க, வாங்க. எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து, வெட்கப்பட்ட குரலில் கேட்டாள்:

"மாப்பிள்ள வீட்டுக்காரவுக வந்தாச்சா?"

"வந்தாச்சு" என்றேன்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். அந்த ஆட்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டிருக்கலாம். சாமான் முகப்பிலேயே கிடந்திருக்கும். அவள் மிச்ச நாளெல்லாம் அதற்குள் நடந்திருப்பாள். நானோ, வெளிச்சம் மாறுகிறது, சீக்கிரம் எடுங்கள் என்று அவர்களை அவசரப்படுத்தினேன்.

படம் முடிந்ததும் வைக்கோல் போட்டுப் பெட்டிகளில் அடுக்கத் தொடங்கினார்கள். தேய்த்த ஒன்பதும் சேர்ந்து போயின. அவை தனி ஏல எண்ணில், "துலக்கப்பட்டவை" என்ற குறிப்போடு. அவள் பெட்டிக்குப் பெட்டி போய்ப் பார்த்தாள்.

"இங்கிட்டு இருந்ததை எல்லாம் எங்க கொண்டு போறாக?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"ஈயம் பூசக் கொண்டு போறாங்க" என்றேன்.

என் மனைவி சிரித்தாள். "தவலைக்கு ஈயம் பூசலாம். குத்துவெளக்குக்கும் தாம்பாளத்துக்கும் எவராவது ஈயம் பூசுவாகளா? இவ்வளவு படிச்சவுக, இது தெரியலையே ஒங்களுக்கு."

வேலையாட்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியாக அவள் என்னைத் தெளிந்த அறிவோடு பரிகாசம் செய்தது அப்போதுதான். என் பொய்யை அவள் அந்த நிமிடம் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த நிமிடம் கண்டுபிடித்ததை மறந்தாள். பொய் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவள் ஈயம் பூசுகிறவருக்காகக் காத்திருந்தாள். காலையில் காபி குடித்ததும் முகப்புக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். பால்காரர், தபால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், யார் வந்தாலும் எழுந்து நிற்பாள். "ஈயம் பூசுறவரா? ஆச்சா?" முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு பழகிவிட்டது. "இன்னும் ரெண்டு நாளு ஆச்சி. அடுப்பு காயல" என்று தபால்காரர் பதில் சொல்வார். நல்ல மனிதர். அவர் அன்பாகச் சொல்லச் சொல்ல, என் பொய் ஊர்ப் பொய்யானது.

ஏலப் புத்தகம் வந்தது. நாலு பக்கம். கடைசியில் என் பெயர். முகப்பில் பரப்பிய படம் இரண்டு பக்கத்தை நிறைத்திருந்தது. அவள் அதில் இல்லை. ஓரத்தில் தெரிந்த சேலை நுனியை அழித்துவிட்டிருந்தார்கள். நான் எழுதியதை மறுபடி வாசித்தேன். "திருமணத்துக்குப் பின் தொடப்படாதவை." "ஒரே கையிலிருந்து நேரடியாக வருபவை." அந்தக் கை எதிரே நாற்காலிக் கட்டையைப் புளி இல்லாமல் தேய்த்துக்கொண்டிருந்தது. குறைகள் என்ற இடத்தில், "இல்லை" என்று எழுதியிருந்தேன்.

எல்லாம் ஒருவருக்கே போயிற்று. வடக்கே ஏதோ ஊரில் வீட்டையே காட்சிக்கூடமாக வைத்திருப்பவராம். பழம்பொருள்காரர் இனிப்போடு வந்து சொன்னார். அவரை அவள் ஈயம் பூசுகிறவரா என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு அதிகம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே கைப்பிடி வைத்த சின்னத் தூக்கு. பெரியவர் பட்டியலில் விட்டுவிட்ட அதே தூக்கு. வாங்கியவர் திருப்பி அனுப்பியிருந்தார்: "விவரத்தில் கண்டபடி இல்லை." ஒரு பக்கம் கறுப்பு. மறுபக்கம், எழுத்து இருக்கும் பக்கம், பளபளவென்று தேய்த்திருந்தது. விளிம்பின் மடிப்பில் ஒரு புளி நார் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்குப் பெட்டியில அடுக்கும்போது ஆச்சி இதை மட்டும் எடுத்துக்கிட்டுக் கெணத்தடிக்கு ஓடிட்டாக சார். பாதி வெளக்குறதுக்குள்ள அந்த ஆளு தேடுனாரு. நான்தான் வாங்கி வைக்கோலுக்குள்ள சொருகுனேன். ஒங்ககிட்டச் சொல்லல. சொன்னா நீங்க ஆச்சியத் திட்டுவீகன்னு."

நான் அவளைத் திட்டியதே இல்லை என்று சொல்ல வந்தேன்.

தூக்கை எடுத்துக்கொண்டு முகப்புக்குப் போனேன். ஒன்றாவது திரும்பி வந்ததே என்று இருந்தது. அவள் மடியில் வைத்தேன். கையைப் பிடித்து மூன்று எழுத்தின்மேல் வைத்தேன். விரல் அங்கே இருந்தது. தடவவில்லை. ஈயம் பூசுகிறவருக்காகக் காத்திருந்த அந்த மாதங்களில் பட்டியலும் போய்விட்டிருந்தது. தினம் ஒன்றாகத் தேய்த்துத்தான் அதைப் பிடித்து வைத்திருந்திருக்கிறாள்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மரியாதையாக என்னிடம் நீட்டினாள்.

"நல்ல சாமானு. யாரு வீட்டுதோ? திருப்பிக் குடுத்துருங்க. அவுக தேடுவாக."

"இது ஒன்னோடதுதான்."

"இல்லைங்க. எங்க சாமானெல்லாம் ஈயம் பூசப் போயிருக்கு." என் முகத்தை உற்றுப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்கதானே அந்த ஈயம் பூசுறவரு? எப்பத் தருவீங்க? எங்க வீட்டுக்காரவுக கேட்டா நான் என்ன சொல்றது? அவுகளுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாக."

"நாளைக்குக் கொண்டு வாரேன்" என்றேன்.

ஐந்து மாதம் தினமும் நாளைக்கு என்று சொன்னேன். தினமும் அவள் நம்பினாள். ஒரு நாள்கூடக் கோபப்படவில்லை. நான் மெலிந்திருப்பதாக நினைத்து, சாப்பிட்டுப் போகச் சொல்வாள். வீட்டுக்காரரைப் பற்றி அந்த ஈயம் பூசுகிறவரிடம் இரண்டொரு தடவை பேசியிருக்கிறாள். பெரிய படிப்பாளி என்றாள். கோபம் வராத மனுசர் என்றாள். அதையெல்லாம் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டேன். மாசி மாதத்தில் ஒரு காலை, காபி கொண்டு போன பெண் என்னைக் கூப்பிட்டாள். நாற்காலி வாசலைப் பார்த்துத்தான் இருந்தது. அதிலேயே அவள் உயிர் போயிருந்தது.

வடக்கே இருப்பவருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பாதியையாவது திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவருடைய காரியதரிசி பதில் எழுதினார். தொகுப்பைப் பிரிப்பதில்லை, அது முழுமையாக இருப்பதுதான் அதன் சிறப்பு என்று எழுதியிருந்தார். என் விவரப் புத்தகத்திலிருந்தே எடுத்த வரி அது.

மகளிடம் உண்மையைச் சொன்னேன். "நான் அப்பவே ஆத்தாகிட்ட ஃபோனைக் குடுக்கச் சொல்லியிருக்கணும்" என்றாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் வாரம் ஒரு முறை பேசுகிறாள். அந்தத் தூக்கை மட்டும் தனக்குத் தரச் சொல்கிறாள். தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தூக்கு என் மேசைமேல் இருக்கிறது. அவள் தேய்த்த பக்கம் கறுத்து வருகிறது. பித்தளை அப்படித்தான், காற்றுப் பட்டாலே போதும். எழுத்தைச் சுற்றி முதலில் பழுப்பாகத் தொடங்கி இப்போது ஓரமெல்லாம் பரவிவிட்டது. புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். ஆனால் அது நான் தேய்த்ததாகிவிடும். அவள் கை பட்டது அடியில் போய்விடும். தேய்க்காமல் விட்டால் இன்னும் ஓரிரு வருடத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். பழம்பொருள்காரருக்கு அப்போது அது மறுபடி நல்ல சாமான்.

நேற்று அந்தப் பெண் வல்லத்திராக்கோட்டையிலிருந்து என்னைப் பார்க்க வந்தாள். சொல்லாமலே சமையலறையில் புளி கரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். கிண்ணம் இன்னும் அங்கேயே இருக்கிறது. புளி காய்ந்துவிட்டது.